துணிக்காகக் குழந்தையா? குழந்தைக்காகத் துணியா?

இரவு மணி 2. தெரு அடங்கிவிட்டது. நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

அந்த வீட்டில், பிறந்து 12 நாளான ஆண் குழந்தை அழுகிறது. பெற்றவளுக்குக் கண் எரிகிறது. இடுப்பு வலிக்கிறது. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள் அவள்.

அவளுடைய அம்மா பழைய வேட்டித் துணியை விரிக்கிறாள். குழந்தையை அதில் கிடத்துகிறாள். கைகளை ஒட்டி வைத்து, கால்களை நீட்டி, இறுகச் சுற்றுகிறாள்.

குழந்தையின் முகம் சிவக்கிறது. நெளிகிறது. வீறிட்டு அழுகிறது. ஒரு கை வெளியே வந்துவிடுகிறது. பாட்டி மறுபடியும் சுற்றுகிறாள். கை மறுபடியும் வெளியே வருகிறது.

"பொல்லாத பிள்ளை! இந்த வயசிலேயே இவ்வளவு பிடிவாதமா?" என்கிறாள் பாட்டி.

"எனக்குத்தான் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, அம்மா" என்று மகள் கண்ணீர் விடுகிறாள்.

பாட்டி சொன்னதும் தவறு. மகள் சொன்னதும் தவறு.

12 நாள் குழந்தைக்குப் பிடிவாதம் தெரியாது. பெற்றவளிடமும் குற்றம் இல்லை. அந்தத் துணி அந்தக் குழந்தைக்கு ஒத்து வரவில்லை. அவ்வளவுதான்!

இது சின்ன விஷயம் என்று பலர் நினைக்கலாம். சின்ன விஷயம் அல்ல. குழந்தையின் மூச்சு இதில் இருக்கிறது. பெற்றவளின் நிம்மதியும் இதில் இருக்கிறது.

ஏன் சுற்றுகிறார்கள்?

துணி சுற்றும் வழக்கம் மிகப் பழையது. அதில் நியாயமும் உண்டு.

வயிற்றில் இருந்தபோது குழந்தைக்கு இடம் குறைவு. கையை நீட்டினால் ஒரு சுவர் தட்டும். காலை நீட்டினாலும் தட்டும். பிறந்த பிறகு அந்தச் சுவர் இல்லை. கையை வீசினால் வெறும் காற்றுதான்.

தூங்கும் பச்சைக் குழந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரோ கதவை 'டப்' என்று சாத்துவார்கள். குழந்தை திடுக்கிடும். இரண்டு கைகளையும் அகல விரிக்கும். பிறகு எதையோ கட்டிப் பிடிப்பதுபோல் கைகளை மார்போடு சேர்க்கும். உடனே அழும்.

"ஏதோ பயந்துவிட்டது, மந்திரிக்க வேண்டும்" என்பார்கள். அது பயம் அல்ல. காற்றும் அல்ல, கருப்பும் அல்ல. அது உடம்போடு பிறந்த அசைவு.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் எர்னஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். இந்த அசைவைப் பற்றி 1918-ம் ஆண்டில் எழுதினார். அதனால் டாக்டர்கள் இதை 'மோரோ அசைவு' என்கிறார்கள். நன்றாக இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது உண்டு. 4 முதல் 6 மாதத்துக்குள் தானாகப் போய்விடும்.

துணி சுற்றினால் இந்தத் திடுக்கிடல் அடங்குகிறது. சில குழந்தைகள் நன்றாகத் தூங்குகின்றன. பாட்டிமார்கள் கண்டது பொய் அல்ல.

ஆனால், 'சில குழந்தைகள்' என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் அல்ல!

ஏன் திமிறுகிறது?

துணிக்குள் திமிறும் குழந்தை ஏதோ சொல்கிறது. அதற்கு வாய்ப் பேச்சு இல்லை. உடம்பால் பேசுகிறது.

முதலாவது, பசியாக இருக்கலாம். பசி வந்தால் குழந்தை உடனே அழாது. முதலில் கையை வாய்க்குக் கொண்டுபோகும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும். கையைக் கட்டிவிட்டால் இந்தச் சைகை யாருக்கும் தெரியாமல் போய்விடும். பிறகு அழுகைதான் மிச்சம். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் வேண்டும். 'இப்போதுதானே கொடுத்தேன்' என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

இரண்டாவது, புழுக்கமாக இருக்கலாம். நம் ஊர் வெயில் ஊரறிந்தது. பெரியவர்கள் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொள்கிறார்கள். குழந்தைக்கோ சட்டை, தொப்பி, அதற்கு மேல் சுற்றுத் துணி! பெரியவர்கள் உடுத்துவதைவிட ஒரு துணி அதிகம் இருந்தால் போதும். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று அறியக் கை காலைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அவை சாதாரணமாகவே கொஞ்சம் குளிர்ந்திருக்கும். மார்பையோ முதுகையோ தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வியர்வை இருந்தால் துணி அதிகம்.

மூன்றாவது, கை வாய்க்குப் போக வேண்டும் என்று இருக்கலாம். விரலைச் சப்பித் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அந்தக் கையைக் கட்டினால் தூக்கம் வருமா?

நான்காவது, கால் வலியாக இருக்கலாம். பச்சைக் குழந்தையின் கால்கள் தவளைக் கால்போல் மடங்கி, விரிந்து இருக்கும். அதுதான் இயற்கை. அவற்றை இழுத்து நீட்டிக் கட்டுவது தொல்லை.

இந்த நான்கும் இல்லாமலே சில குழந்தைகளுக்குத் துணி பிடிக்காது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று துணிக்குள் தூங்கும். இன்னொன்று உதைக்கும். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன?

பழைய வழக்கு

இந்த வழக்கு இன்று வந்தது அல்ல. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் குழந்தைகளைத் தலை முதல் கால் வரை நீளத் துணியால் வரிந்து கட்டினார்கள். இங்கிலாந்தில் வில்லியம் கேடகன் என்ற டாக்டர் 1748-ல் அதைக் கண்டித்து எழுதினார். பிரெஞ்சு மொழியில் எழுதிய அறிஞர் ரூஸோவும் 1762-ல் அதை எதிர்த்தார். குழந்தையின் கை கால்களுக்கு விடுதலை வேண்டும் என்பது அவர்களுடைய கட்சி.

ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அங்கே கால்களை நீட்டி வைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. இடுப்பு மூட்டு நழுவும் குறை பல குழந்தைகளுக்கு இருந்தது. இப்படிக் கட்ட வேண்டாம் என்று 1975-ல் நாடு முழுவதும் பிரசாரம் தொடங்கினார்கள். குழந்தையின் கால் மடங்கி இருக்கட்டும் என்று பாட்டிமார்களுக்கும் சொன்னார்கள். அதன் பிறகு அந்தக் குறை மிகவும் குறைந்தது.

ஆகவே, துணி சுற்ற விரும்புகிறவர்கள் இடுப்புக்குக் கீழே தளர்த்தியாகச் சுற்ற வேண்டும். கால்கள் மடங்கி விரிய இடம் இருக்க வேண்டும். மார்பின் மேல் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ச்சி வேண்டும். துணி முகத்தின் பக்கம் வரவே கூடாது. குழந்தை புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டிய குழந்தை குப்புற விழுந்தால் தலையைத் தூக்க முடியாது. மூச்சு முட்டும்.

கடைகளில் கனம் வைத்துத் தைத்த உறைகள் விற்கிறார்கள். 'இதைப் போட்டால் குழந்தை அசையாமல் தூங்கும்' என்கிறார்கள். அவை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் சொல்லிவிட்டது. பச்சைக் குழந்தையின் மார்பு மேல் பாரம் ஏற்றுவது நல்லதா?

துணி இல்லாமல் தூங்காதா?

தூங்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும். பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். ஈரத் துணியை மாற்ற வேண்டும். அழுகையில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

பிறகு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. அது தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பகலில் வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்சிப் பேசினால், இரவில் மங்கிய விளக்கில் பேச்சில்லாமல் பால் கொடுத்தால், சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இரவு 2 மணிக்குக் குழந்தையின் முகத்துக்கு நேரே செல்போன் வெளிச்சம் அடிப்பது தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது, தூக்கி நடப்பது. ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 21 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். அழும் குழந்தையை அணைத்துக்கொண்டு 5 நிமிடம் ஒரே சீராக நடந்தால் அழுகை அடங்கியது. பல குழந்தைகள் தூங்கியும்விட்டன. ஆனால், உடனே கீழே கிடத்தினால் விழித்துக்கொண்டன. தூங்கிய பிறகு 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அதன் பிறகு கிடத்தினால் தூக்கம் கலையவில்லை.

இதற்குக் காசு வேண்டாம். கடிகாரம் ஒன்று போதும்!

மார்போடு மார்பாக அணைப்பதும் நல்லது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் 1978-ல் இந்த முறையைத் தொடங்கினார். எடை குறைந்த குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் அந்த ஆஸ்பத்திரியில் போதவில்லை. தாயின் மார்பையே பெட்டி ஆக்கினார். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இதைக் 'கங்காரு முறை' என்று சொல்லித் தருகிறார்கள். துணியின் இறுக்கத்தை வெறுக்கும் குழந்தைகூட மார்பின் சூட்டை வெறுப்பதில்லை. அணைப்பவர் விழித்திருக்க வேண்டும். அது முக்கியம்.

கிடத்தும்போது முதலில் உடம்பு, பிறகு தலை என்று மெல்லக் கிடத்த வேண்டும். கையை உடனே எடுத்துவிடக் கூடாது. குழந்தையின் மார்பில் உள்ளங்கையை இலேசாக வைத்திருக்க வேண்டும். திடுக்கிட்டு விரியும் கைகளை அந்த ஒரு கை அடக்கிவிடும். துணி செய்கிற வேலையைத் தாயின் கை செய்கிறது!

துணி இருந்தால்தான் தூங்கும், ஆனால் கையைக் கட்டினால் அழும் என்கிற குழந்தைகளும் உண்டு. அவற்றுக்கு அக்குளுக்குக் கீழே மட்டும் சுற்றிக் கைகளை வெளியே விடலாம்.

தாலாட்டு வீண் போகாது

தமிழருக்குத் தாலாட்டு புதிது அல்ல. பிள்ளைத்தமிழ் நூல்களில் பத்துப் பருவங்கள் உண்டு. மூன்றாவது பருவத்துக்குப் பெயர் தாலப் பருவம். 'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தார் இதையும் சோதித்தார்கள். கைக்குழந்தைகளுக்கு முன்பின் கேட்டறியாத அயல் மொழிகளின் தாலாட்டைப் போட்டுக் காட்டினார்கள். மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டைக் கேட்டபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. 2020-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள்.

மொழி தெரியாத பாட்டுக்கே அப்படி என்றால், வயிற்றில் இருந்தபோதே கேட்ட தாயின் குரலுக்குக் கேட்க வேண்டுமா? ராகம் சரியாக வர வேண்டியதில்லை. குழந்தை யாரையும் கச்சேரிக்கு அழைக்கவில்லை.

தூங்குகிறதா? விழிக்கிறதா?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் ஒரே மூச்சாகத் தூங்காது. துண்டு துண்டாகத் தூங்கும். அந்தத் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி, அசைகிற தூக்கம். குழந்தை முகம் சுளிக்கும். சிரிக்கும். முனகும். கை காலை ஆட்டும். கண்கூட அரைகுறையாகத் திறக்கும். ஆனாலும் அது தூக்கம்தான்!

முனகியதும் "விழித்துவிட்டான்" என்று வாரி எடுத்துத் துணி சுற்றுகிறார்கள். தூங்குகிற குழந்தையை அவர்களே எழுப்பிவிடுகிறார்கள். அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தால் பல தடவை தானாகவே அடங்கிவிடும்.

எப்படிக் கிடத்துவது?

சுற்றினாலும் சரி, சுற்றாவிட்டாலும் சரி, குழந்தையை மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். குப்புறக் கிடத்தக் கூடாது. ஒருக்களித்தும் கிடத்தக் கூடாது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் குப்புறப் போட்டார்கள். நல்ல குழந்தை இரவில் தூங்கும்; காலையில் உயிர் இருக்காது. காரணமும் தெரியாது. மல்லாக்கக் கிடத்துங்கள் என்று 1994-ல் பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். பத்து ஆண்டுக்குள் அப்படிப்பட்ட சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

'பால் கக்கினால் புரை ஏறாதா?' என்று கேட்பார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக் குழாய் மேலே இருக்கிறது. உணவுக் குழாய் கீழே இருக்கிறது. கக்கிய பால் மேலே ஏறுவது கடினம். மல்லாந்து படுப்பதே காப்பு.

படுக்கை மெத்தென்று இருக்கக் கூடாது. மட்டமாக, கெட்டியாக இருக்க வேண்டும். பாயின் மேல் மடித்த ஜமக்காளம் போதும். தலையணை வேண்டாம். பக்கத்தில் பொம்மை, போர்வை, தளர்ந்த துணி எதுவும் வேண்டாம். கொசுவலை வேண்டும். அதைக் குழந்தைமேல் படாமல் விரிக்க வேண்டும்.

குழந்தை தாயின் கை எட்டும் தூரத்தில், தனிப் படுக்கையில் இருப்பது நல்லது. சோபாவில் குழந்தையை வைத்துக்கொண்டு கண் அயர்வது ஆபத்து. குடித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைப்பது அதைவிட ஆபத்து. பீடி, சிகரெட் புகை குழந்தையின் அறைக்குள்ளேயே வரக் கூடாது. சாம்பிராணிப் புகையும் அந்தச் சின்ன மூக்குக்கு ஆகாது.

தூளி என்ன ஆவது?

தூளியைக் குறை சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். தூளியில் வளராத தமிழ்ப் பிள்ளை எங்கே என்பார்கள்.

ஆட்டம் குழந்தையை அமைதிப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் தூளியில் குழந்தையின் உடம்பு வளைகிறது. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தைக்குத் தாடை மார்பில் முட்டி, மூச்சுப் பாதை நெருங்கலாம். துணி முகத்தை மூடலாம். விளையாடும் பெரிய பிள்ளைகள் தூளித் துணியில் கழுத்து சிக்கி இறந்த செய்திகளும் வந்திருக்கின்றன.

ஆகவே, தூளி ஆட்டித் தேற்றுவதற்கு இருக்கட்டும். அதுவும் பெரியவர் ஒருவர் விழித்து, பக்கத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும் இருக்கட்டும். தூங்கியதும் எடுத்து மட்டமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட வேண்டும். இரவு முழுவதும் தூளி வேண்டாம்.

'உரம் விழுந்துவிட்டது' என்று சேலையில் போட்டுக் குழந்தையை உருட்டுவதும் வேண்டாம். தூங்குவதற்கு என்று இருமல் மருந்து, சளி மருந்து கொடுப்பது கொடிய தவறு. டாக்டர் எழுதித் தராத ஒரு சொட்டுக்கூடக் குழந்தையின் வாயில் போகக் கூடாது.

பெற்றவளைப் பாருங்கள்!

எல்லாம் செய்தும் அழுகிற குழந்தைகள் உண்டு. அமெரிக்க டாக்டர் பிரேசெல்டன் 1962-ல் இதைக் கணக்கு எடுத்து எழுதினார். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகை வாரா வாரம் கூடிக்கொண்டே போனது. 6-வது வாரத்தில் உச்சத்துக்கு வந்தது. அப்போது ஒரு நாளில் ஏறக்குறைய 2¾ மணி நேரம் அழுதன. பிறகு குறைந்தது.

இந்தக் கணக்கை ஒவ்வொரு தாய்க்கும் சொல்ல வேண்டும். 'இன்னும் கொஞ்ச நாளில் குறையும்' என்று தெரிந்தால் தாங்கும் சக்தி வரும்.

அழுகையைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் வருவது பாவம் அல்ல. எல்லோருக்கும் வரும். ஆனால், எரிச்சலில் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். கண் போகும். உயிரும் போகும். தாங்க முடியாவிட்டால் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அறைக்கு வெளியே வந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் ஆகும்.

இங்கேதான் வீட்டார் செய்ய வேண்டியது இருக்கிறது. பிள்ளை தூங்காவிட்டால் எல்லோரும் பெற்றவளைக் கேட்கிறார்கள். "பத்தியம் இருந்தாயா?" "பால் போதவில்லையா?" "துணி சரியாகச் சுற்றினாயா?" கேள்வி கேட்க ஐந்து பேர். குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை!

பால் கொடுக்கத்தான் தாய் வேண்டும். ஏப்பம் விடச் செய்யவும், துணி மாற்றவும், 5 நிமிடம் தூக்கி நடக்கவும் தகப்பனுக்குத் தோள் இல்லையா? தாத்தாவுக்குக் கை இல்லையா? பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடைத்தால், அதைவிடப் பெரிய பத்தியச் சோறு கிடையாது.

பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணம் இல்லாமல் அழுதுகொண்டே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் தவித்தால், 'பேய் பிடித்தது' என்று சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அது நோய். மருந்து உண்டு.

எப்போது ஆஸ்பத்திரி?

எல்லா அழுகையும் தூக்கத்துக்கு அல்ல. குழந்தையின் உடம்பு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ந்தாலும், அல்லது தொட்டால் ஜில்லென்று இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108-க்குப் போன் செய்யலாம்.

ஒரு வாரம் கழிந்த குழந்தை ஒரு நாளில் 6 தடவையாவது சிறுநீர் போனால், நன்றாகப் பால் குடித்தால், எடை ஏறினால் பெரும்பாலும் கவலை இல்லை.

விளக்கு அணைந்தது

அந்த வீட்டில் மணி 2.20.

பாட்டி நான்கு பிள்ளை வளர்த்தவள். மூன்றாவது தடவை துணியை விரித்தவள், குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வை. துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"வேண்டாம்டி. இவனுக்குப் புழுக்கம். நீ பால் கொடு" என்றாள்.

பால் குடித்த குழந்தை மறுபடியும் சிணுங்கியது. அடுத்த அறையில் மருமகன் தூங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்பதால் வந்திருந்தார். பாட்டி கதவைத் தட்டினாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் எழுந்து வாங்க. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடங்க. அவள் படுக்கட்டும்."

"எனக்குத் தூக்கத் தெரியாதே, அத்தை!"

"யாருக்குத்தான் தெரியும்? தூக்கினால் தெரியும்."

அவர் கழுத்துக்குக் கை கொடுத்து வாங்கினார். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பாட்டி தாழ்ந்த குரலில் பாடினாள். குழந்தையின் கைகள் இரண்டும் வெளியேதான் இருந்தன. ஒரு கை தகப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

மணி 2.45. குழந்தை தூங்கியது. கொஞ்ச நேரம் மடியில் இருந்த பிறகு மெல்லக் கிடத்தினார்கள். கைகள் ஒரு தடவை விரிந்தன. பாட்டி உள்ளங்கையை மார்பில் வைத்தாள். கைகள் அடங்கின.

பெற்றவள் அதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.

துணி நல்லதுதான். ஆனால் துணிக்காகக் குழந்தை பிறக்கவில்லை. குழந்தைக்கு ஒத்து வந்தால் துணி. ஒத்து வராவிட்டால் கை, மடி, பாட்டு. மூன்றும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அவற்றைத் தருவதற்கு ஒருத்தி மட்டும் விழித்திருக்க வேண்டியதில்லை. வீடே விழித்துக்கொண்டால், குழந்தை தூங்கும்!